ஆச்சிக்குக் குளிராதா? குழந்தைகளுக்கான புத்தகங்களில் மரணத்தை எழுதுவது பற்றி

எங்கள் அம்மா இறந்தபோது என் தங்கை மகனுக்கு ஆறு வயது. வாசலில் பந்தல் போட்டு, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் மாலை போடுவதும் எங்களைக் கட்டிக்கொண்டு அழுவதுமாக இருந்தார்கள். அவன் பெட்டிப் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்திருக்கும். நேரே என்னிடம் ஓடி வந்து, "பெரியம்மா, ஆச்சிக்குக் குளிராதா?" என்று கேட்டான். அன்று காலையில்தான் யாரோ அவனிடம் "ஆச்சி தூங்குறாங்க" என்று சொல்லியிருந்தார்கள். தூங்குகிறவர்களுக்குக் குளிருமே. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். கூட்டிக்கொண்டு போனோம். கேள்வி பந்தலிலேயே நின்றுவிட்டது.

குழந்தைகளோடு உட்கார்ந்து புத்தகம் வாசிப்பதும், அவ்வப்போது அவர்களுக்காக எழுதுவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "இதையெல்லாம் குழந்தைகள் புத்தகத்தில் எழுதலாமா?" இதையெல்லாம் என்றால் மரணம், தீராத நோய், அப்பாவின் குடி, பெற்றோர் பிரிவது, சாதி, பாலியல் சீண்டல், போர், தற்கொலை. எதைப் பேசும்போது பெரியவர்கள் "பிள்ளைகள் இருக்கிறார்களா" என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்களோ, அதைத்தான் கடினமான விஷயம் என்கிறோம். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. நான் மரணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் உதவும். உதவாத இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

"பிஞ்சு மனசு, பயந்துடும்" என்பது வழக்கமான பதில். ஆனால் நம் தெருவில் சாவு ஒளிவுமறைவாக நடப்பதில்லை. சங்கு ஊதுகிறார்கள், பறை அடிக்கிறார்கள், ஒப்பாரி வைக்கிறார்கள், வழியெல்லாம் பூ இறைத்துக்கொண்டு போகிறார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் அந்த வாடிய பூவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். குழந்தை எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்த்ததைப் பேசத்தான் அதற்கு ஆள் இல்லை.

நம் பழைய கதைகளும் சாவை மறைத்ததில்லை. அரிச்சந்திரன் கதையில் லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது, தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள். நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றடிக்குப் போகிறாள். இந்தக் கதைகளைக் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் பாட்டி மடியிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. கதை சொல்கிற பாட்டியே அழுவாள், மடியில் கிடக்கிற பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுப்பாள், "சரி, தூங்கு" என்பாள். புத்தகத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளை தனியாக, மதியவேளையில், ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிக்கும். அப்போது முதுகைத் தடவ யாரும் இல்லை. அந்தப் பாட்டி செய்த வேலையையும் எழுத்தே செய்தாக வேண்டும். குழந்தைகளுக்காகக் கடினமான விஷயத்தை எழுதுவதில் உள்ள சிரமம் முழுவதும் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குழந்தைக்கு எவ்வளவு புரியும்?

1948-ல் மரியா நாகி என்ற ஆய்வாளர், புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும், எழுதவும் வரையவும் வைத்தும் செய்த ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள் சாவை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோ நினைத்தார்கள். போனவர் வருவார், தூங்குகிறவர் எழுவார். அதற்கு அடுத்த வயதினர் சாவை ஓர் ஆளாகவே பார்த்தார்கள், அந்த ஆளிடம் மாட்டாமல் தப்பிவிடலாம் என்று நம்பினார்கள். ஒன்பது வயதை ஒட்டித்தான், அது எல்லாருக்கும் வருவது என்ற நினைப்பு உறுதிப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதைக் கீழே இறக்கின. ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அடிப்படைப் புரிதல் வந்துவிடுகிறது என்று 1984-ல் எழுதினார்கள்.

அடிப்படைப் புரிதல் என்று அவர்கள் சொன்னவை மூன்று. இறந்தவர் திரும்பி வரமாட்டார். உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும். இறந்த உடம்பில் மூச்சு, பசி, வலி, குளிர் எல்லாம் நின்றுபோகும். "ஆச்சிக்குக் குளிராதா" என்று கேட்டவன் இந்த மூன்றாவதன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். "குளிராது ராசா. ஆச்சி உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு, இனிமே அதுக்குக் குளிரும் தெரியாது, வலியும் தெரியாது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவன் உள்ளே வந்திருப்பான். நாங்கள் அவனைக் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். அதன்பிறகு ஒரு வாரத்துக்கு அவன் தன் அம்மா தூங்கும்போது அடிக்கடி எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தான். 'தூக்கம்' என்ற சொல்லை அவன் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நான்காவதாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: சாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் சொல்லாவிட்டால் குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அந்தக் காரணம் தானாகவே இருக்கும். நான் சண்டை போட்டேன், அதனால்தான் அப்பா போய்விட்டார். நான் மருந்து வாங்கப் போகவில்லை, அதனால்தான்.

படப் புத்தகம் எழுதுகிறீர்களோ சிறுவர் நாவல் எழுதுகிறீர்களோ, எழுதி முடித்ததும் இந்த நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். வானத்தில் நட்சத்திரமாகிவிட்டாள், சாமிகிட்ட போய்விட்டாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்ற வரிகள் இருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். நம்பிக்கை சார்ந்த ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பல வீடுகளில் அதுதான் ஆறுதல். ஆனால் "செத்துப்போய்விட்டாள்" என்ற நேரான சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு நட்சத்திரத்துக்குப் போங்கள்.

ஒரு சிலந்தியின் சாவு

எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஈ.பி. வைட் 1952-ல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' (சார்லட்டின் வலை). ஒரு பன்றிக்குட்டிக்கும் சிலந்திக்கும் உள்ள நட்பைப் பற்றிய அமெரிக்க நாவல். இதன் முதல் வரியிலேயே கோடரி வருகிறது. காலைச் சாப்பாட்டுக்கு மேசையைத் தயார்செய்யும்போது, அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று ஒரு சிறுமி கேட்கிறாள். ராத்திரி பிறந்த குட்டிகளில் ஒன்று நோஞ்சான், அதைக் கொல்லப் போகிறார். சிறுமி ஓடிப்போய் அழுது சண்டை போட்டுக் குட்டியைக் காப்பாற்றுகிறாள்.

இதை ஏன் முதல் வரியில் வைத்தார்? புத்தகத்தைத் திறந்த குழந்தைக்கு, இது சாவு இருக்கிற உலகம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. பிறகு வயதான ஆடு ஒன்று, கிறிஸ்துமஸ் நேரத்தில் உன்னை வெட்டிவிடுவார்கள் என்று பன்றியிடம் சொல்கிறது. அந்தச் சிலந்தி, தான் ஈயைப் பிடித்து ரத்தம் குடித்து வாழ்கிறவள் என்பதை வெட்கப்படாமல் சொல்கிறாள். பன்றிக்கு அது பிடிக்கவில்லை. குழந்தைக்கும் கொஞ்சம் பிடிக்காது. ஆனாலும் இருவரும் அவளை நேசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இப்படி இருபது அத்தியாயங்களுக்கு மேல் பழக்கிவிட்டுத்தான் வைட் அவளைச் சாக விடுகிறார்.

அந்த இடத்தைப் பாருங்கள். கண்காட்சித் திடலில், 514 முட்டைகள் கொண்ட பையைப் பின்னி முடித்தபின் சிலந்திக்கு உடம்பில் தெம்பில்லை. தொழுவத்துக்குத் திரும்ப முடியாது, ஓரிரு நாளில் இறந்துவிடுவேன் என்று அவளே பன்றியிடம் சொல்கிறாள். சுற்றி வளைக்கவில்லை. பன்றி தரையில் விழுந்து புரண்டு அழுகிறது. "அழாதே" என்று கதை அதை அதட்டவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறது. அந்த முட்டைப் பையை எப்படியாவது ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். எலியிடம் பேரம் பேசி, பையை இறக்கிவரச் செய்து, தன் வாயில் வைத்துக்கொள்கிறது. வாய் நிறைய முட்டைப் பை இருப்பதால் விடைபெறும்போது பேச முடியவில்லை, கண்ணைச் சிமிட்டுகிறது. சிலந்தி இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு முன்னங்காலை அசைக்கிறாள். மறுநாள் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில், காலித் திடலில் அவள் இறந்துபோகிறாள். இறக்கும்போது அவளுடன் யாரும் இல்லை என்ற வரியோடு அத்தியாயம் முடிகிறது.

இவ்வளவுதான். அலங்காரம் கிடையாது, வானத்தில் ஒளி கிடையாது. குட்டி வாக்கியங்கள். பிறகு அடுத்த அத்தியாயத்தில் வசந்தம் வருகிறது, முட்டைகள் பொரிகின்றன, நூற்றுக்கணக்கான குஞ்சுச் சிலந்திகள் நூலைப் பறக்கவிட்டுக் காற்றில் போய்விடுகின்றன, மூன்று மட்டும் தொழுவத்தில் தங்குகின்றன. இந்த இடத்தில் இன்னொருவராக இருந்தால் "இவள் போனாலும் அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள், சரியாகிவிட்டது" என்று முடித்திருப்பார்கள். வைட் அப்படிச் செய்யவில்லை. பன்றி அந்தப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நேசித்தது, ஆனால் அவள் இடத்தை யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். ஆறுதல் இருக்கிறது, ஈடு இல்லை. அம்மாவை இழந்த பிள்ளை இந்த வரியை வாசித்தால் அது பொய் என்று நினைக்காது.

இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இரண்டு சிறிய விஷயங்கள் உண்டு. அந்த அத்தியாயத்துக்கு முதலில் சிலந்தியின் பெயரைச் சொல்லி அவளுடைய மரணம் என்று தலைப்பு வைத்திருந்தார் வைட். பதிப்பாசிரியர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம், அதைக் 'கடைசி நாள்' என்று மாற்றச் சொன்னார். சாவை எடுக்கச் சொல்லவில்லை, உள்ளடக்கப் பட்டியலிலேயே குழந்தை அதை முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னார். இன்னொன்று, பல வருடம் கழித்து வைட் தன் குரலிலேயே இந்தப் புத்தகத்தைப் பதிவு செய்தார். அந்த அத்தியாயத்தின் கடைசி வரிகளை அழாமல் வாசிக்க அவருக்கு 17 முறை பிடித்தது என்று பதிவு செய்தவர் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கே வலிக்காத ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்தால் அது உடனே கண்டுபிடித்துவிடும்.

கோழிக்குஞ்சும் வெள்ளைக் கையும்

இன்னொரு வழியைப் பார்ப்போம். 'டோட்டோ-சான்' தமிழ் வாசகர்கள் பலர் அறிந்த புத்தகம். டெட்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் ஜப்பானில் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் வந்தது. ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பள்ளி, அன்பான தலைமையாசிரியர் கோபயாஷி என்றுதான் எல்லாரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை சாவு வருகிறது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

முதலில் கோழிக்குஞ்சுகள். நம்மூர்த் திருவிழாவில் சாயம் பூசிய குஞ்சு விற்பார்களே, அதுபோல அங்கே கோயில் விழாவில் மஞ்சள் குஞ்சு விற்கிறார்கள். சீக்கிரம் செத்துப்போகும், அப்புறம் நீதான் அழுவாய் என்று அப்பாவும் அம்மாவும் சொல்லியும் சிறுமி டோட்டோ-சான் அழுது அடம்பிடித்து இரண்டு வாங்குகிறாள். சில நாளில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகின்றன. அவ்வளவுதான் அத்தியாயம். அதற்கு வெகுதூரம் தள்ளி, இளம்பிள்ளை வாதத்தால் கைகால் சூம்பிய யாசுவாகி என்ற வகுப்புத் தோழன் இறக்கிறான். தலைமையாசிரியரே பிள்ளைகளிடம் நேராகச் சொல்கிறார். எல்லாரும் சவ அடக்கத்துக்குப் போகிறார்கள். யாரும் அவர்களை "உள்ளே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வதில்லை. டோட்டோ-சான் பூவை அவன் கையருகே வைத்து அந்த வெள்ளைக் கையைத் தொடுகிறாள். ஒரு கோடை நாளில் பெரும்பாடுபட்டு மரத்தில் ஏற்றிவிட அவள் பிடித்து இழுத்த அதே கை.

குஞ்சு செத்தபோதே வாசிக்கிற குழந்தை ஒரு படி ஏறிவிட்டது. தோழன் சாகும்போது அது புதிய ஊர் இல்லை. சாவை எழுத நினைக்கிறவர்களுக்கு இது நல்ல உத்தி: பெரிய இழப்புக்கு முன்னால் ஒரு சிறிய இழப்பை வையுங்கள். இன்னொன்று, எழுத்து எங்கே நின்று பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். மருத்துவமனை இல்லை, பெற்றோர் கதறுவது இல்லை, பெரியவர்களின் தத்துவம் இல்லை. ஒரு சிறுமியின் கை எட்டும் தூரத்தில் என்ன இருக்குமோ அது மட்டும். எவ்வளவு கடினமான விஷயமானாலும் குழந்தையின் கண் உயரத்தில் குனிந்து, அங்கிருந்து தெரிவதை மட்டும் எழுதினால் அதற்குத் தாங்கும். கூட்டிச் சொன்னாலும் தாங்காது, மறைத்தாலும் தாங்காது.

எழுத வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, துக்கப்படுகிற குழந்தையை ரொம்ப நல்ல பிள்ளையாக ஆக்கிவிடுவது. கேதரின் பேட்டர்சன் எழுதிய 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' இதற்கு நல்ல மருந்து. 1974-ல் அவர் மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். அதிலிருந்து பிறந்த நாவல் 1977-ல் வந்தது, அடுத்த வருடம் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. கதையில் பத்து வயதுச் சிறுவனின் தோழி, கயிற்றில் ஊஞ்சலாடி ஓடையைத் தாண்டும்போது கயிறு அறுந்து விழுந்து இறக்கிறாள். அன்று அவன் அவளைக் கூப்பிடாமல் ஆசிரியையோடு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தான். செய்தி கேட்டதும் பொய் என்கிறான், ஓடுகிறான், தங்கையை அடிக்கிறான், தோழி கொடுத்த வண்ணப்பெட்டியை ஓடையில் எறிகிறான். நடுவில் ஒரு நினைப்பு வருகிறது: என் வயதில் நெருங்கிய தோழி இறந்துபோனது எனக்கு மட்டும்தான், பள்ளியில் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். வாசிக்கிற பெரியவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து, அப்பாவை இழந்த ஒரு பெண் இந்த இடத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இப்படி எல்லாருக்கும் தோணுமா?" என்று கேட்டாள். ரொம்ப நாளாக அவள் தன்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒரு வரிக்காக மட்டுமே அந்தப் புத்தகம் இருக்கலாம்.

நம்மிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நீதிக்கதைகளில் சொல்பேச்சு கேட்காத ஆட்டுக்குட்டியை ஓநாய் தின்றுவிடும். சாவு தண்டனையாக வருகிறது. எந்த வகுப்பிலும் வீட்டில் ஒருவரை இழந்த ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கும். 'தப்புச் செய்தவர்கள்தான் சாவார்கள்' என்று அந்தப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து அதை எழுதாதீர்கள்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கும் நேராக எழுத முடியும். ஜெர்மன் ஓவியர் வோல்ஃப் எர்ல்புருக்கின் 2007 படப் புத்தகம் ஒன்றில் சாவு கட்டம்போட்ட அங்கி போட்டுக்கொண்டு வாத்தின் பின்னால் நடந்து வருகிறது. இருவரும் குளத்தில் நீந்துகிறார்கள், மரத்தில் ஏறுகிறார்கள். குளிருகிற சாவை வாத்து தன் இறகால் மூடிப் படுக்க வைக்கிறது. ஒருநாள் வாத்து எழவில்லை. சாவு அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் மெல்ல விடுகிறது. நாகியின் ஆய்வில் குழந்தைகள் சாவை ஓர் ஆளாக நினைத்தார்கள் என்று சொன்னேனே, அந்த ஆளையே இங்கே பயமில்லாமல் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

மரணத்தின் வழி எங்கே உதவாது?

நோயில், முதுமையில், மின்னலில் வருகிற சாவுக்குக் குற்றவாளி கிடையாது. அதனால் அத்தகைய கதை துக்கத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும். பாலியல் சீண்டல், சாதி, அடி, கேலி இவற்றில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். இங்கே வெறும் சோகம் போதாது. உன்மேல் தப்பில்லை என்பதைக் குழந்தை கதையிலிருந்து சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், யாரிடம் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். கதையில் பிள்ளை சொன்னதை நம்புகிற பெரியவர் ஒருவராவது இருக்கட்டும். முதல் ஆள் நம்பாமல் போகலாம், நிஜத்திலும் அப்படித்தான் நடக்கிறது, அதனால் இரண்டாவது ஆளிடம் சொல்கிற காட்சி ரொம்ப முக்கியம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அச்சிட ஒரு வரி போதும்.

சாதியைப் பற்றி இப்போதுதான் தமிழில் பிள்ளைகளுக்காக நேராக எழுதத் தொடங்கியிருக்கிறோம். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்று ஒரு சிறு புத்தகம் எழுதியிருக்கிறார். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே சாதிவெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த பரிந்துரைகளிலும் பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்வது இருக்கிறது. பிள்ளைகளின் மணிக்கட்டில் இருப்பதைப் பற்றிப் பிள்ளைகளின் புத்தகம் பேசாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

பதின்வயதுக்காக எழுதுகிறவர்கள் தற்கொலை விஷயத்தில் மட்டும் ரொம்ப ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். 2007-ல் வந்த 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' என்ற அமெரிக்க நாவலில், இறந்துபோன மாணவி தன் சாவுக்குக் காரணமானவர்களைப் பற்றி ஒலிநாடாக்களில் பேசிவைத்துவிட்டுப் போகிறாள். 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராக எடுத்து, அவள் இறக்கும் காட்சியை விரிவாகக் காட்டியது. மனநல மருத்துவர்களின் கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு 2019-ல் அந்தக் காட்சியை நீக்கினார்கள். காட்சி மட்டும்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதையில் அவள் குரல் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்கிறது. அவள் நினைத்தபடியே பலர் வருந்துகிறார்கள். 'நான் போனால்தான் இவர்களுக்குப் புரியும்' என்று ஒரு பதினைந்து வயது மனது நினைக்கும்போது, போனபிறகு இருந்து பார்க்கலாம் என்று அதன் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இறந்தவருக்கு எல்லாம் நின்றுபோகும், திரும்பி வரமாட்டார். ஆறு வயதில் புரிய வேண்டியவை பதினைந்திலும் இப்படித் தடுமாறும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதலை எழுத்தாளர்களும் எடுத்துக்கொள்ளலாம்: எப்படி நடந்தது என்று விவரிக்காதீர்கள், ஒரே ஒரு காரணத்தில் கொண்டுபோய் முடிக்காதீர்கள், பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டாதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள். நம் நாட்டில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வாசித்துக் கொடுக்கிறவர்களுக்கு

சாவு நடந்த வாரத்தில் அதைப் பற்றிய புத்தகத்தைப் பிள்ளை கையில் திணிக்காதீர்கள். அப்போது அதற்கு வேண்டியது மடி. இன்னும் சொன்னால், இந்தப் புத்தகங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில்தான் அதிகம் வேலை செய்யும். நீங்கள் முதலில் தனியாக வாசித்துவிடுங்கள், உங்கள் குரல் எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்திருந்தால் நல்லது. உடைந்தால் உடையட்டும். பிள்ளை நடுவில் எழுந்து விளையாடப் போனால் விட்டுவிடுங்கள்; குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அம்மா போய் ஒன்றரை வருடம் கழித்து, முழுப்பரீட்சை விடுமுறையில் தங்கை மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அந்தச் சிலந்திப் புத்தகத்தை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிச் சொல்லி ராத்திரி ஒரு அத்தியாயமாக வாசித்தோம். பன்றிக்குட்டி சேட்டையெல்லாம் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. 'கடைசி நாள்' வந்த அன்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசி வரியைச் சொன்னேன். சாகும்போது அவள்கூட யாரும் இல்லை.

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருமே இல்லையா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: "ஆச்சிகூட நாம எல்லாரும் இருந்தோம்ல பெரியம்மா?"

"இருந்தோம். நீ பெட்டியில கை வச்சுப் பாத்த."

"ஜில்லுன்னு இருந்துச்சு. ஆனா ஆச்சிக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா, தெரிஞ்சிருக்காது."

அவனே பக்கத்தைத் திருப்பினான்.